மூன்றாம் மரத்துக்கு வெந்நீர்

லுவாங்வா ஆற்றங்கரை
17 மே 1999

அன்புள்ள அக்கா ஜெலிதாவுக்கு,

தம்பி மசௌசோ எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறார்களா? சாமான் லாரி நாளைக் காலை சிபாடாவுக்குக் கிளம்புகிறது. டிரைவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

மழை முடிந்து மர விடுதி மறுபடி திறந்து மூன்று வாரம் ஆகிறது. ஆறு மரம், ஆறு அறை, எல்லாம் நிறைந்துவிட்டது. எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் படியேறி, ஒரு பக்கம் சுவரே இல்லாத அறையில் படுத்துக்கொண்டு, நீர்யானை கத்துவதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டால் நாம் சோளக் காட்டைக் காப்பாற்றத் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவோம்.

விஷயம் அதுவல்ல. வருடத்துக்கு ஒரு முறை ஊழியர் ஒருவரின் வீட்டாரை இரண்டு நாள் விருந்தாளியாகத் தங்கவைப்பது எங்கள் மேடத்தின் வழக்கம். தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். என் பெயர் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் பல்லைக் காட்டினேன். அக்டோபர் ஒன்பது, பத்து, மூன்றாம் மரம். அழைப்பு அட்டையை ஆபீசே என் மனைவி என்ற முறையில் தியாமிகேவுக்கு அனுப்பிவிட்டது. அவளோ, பள்ளியில் தேர்வு நேரம், டீச்சர் விடுப்பு எடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறாள். அதற்கு அடுத்த வரிதான் என்னைக் கொன்றது: "அம்மா வருகிறேன் என்கிறார்கள்."

என் மாமியார், அக்கா. அவர்கள் எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கிப் புதருக்குள் நிற்கிறவன் நான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் முகத்தை நேராகப் பார்த்ததில்லை, அவர்கள் கண்பட ஒரு வாய் சாப்பிட்டதில்லை, பெயரை வாயால் சொன்னதில்லை. கோழி அடித்து விருந்து வைத்து "இனி விலக வேண்டாம்" என்று அவர்கள் சொல்லும் நாள் எங்களுக்கு இன்னும் வரவில்லை. அவர்கள் குளிக்க, தலைக்கு மேலே தொங்கும் வாளியில் நான் போய் வெந்நீர் ஊற்றுவதா?

இன்னொன்றும் இருக்கிறது, உனக்கே தெரியும். அவர்களுக்குத் தெரிந்த மருமகன் துப்பாக்கி ஏந்தி விருந்தாளிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போகும் வழிகாட்டி. பெண் கேட்கப் போனபோது அப்படிச் சொன்னது நீ. தலையைக் குனிந்துகொண்டு இருந்தது நான். நான் தண்ணீர் காய்ச்சி மரம் மரமாகச் சுமக்கிறவன் என்பது தியாமிகேவுக்குத் தெரியும். முதல் மழைக்காலத்திலேயே தோள் தழும்பைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். சிரித்தாள். "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம், மாமாங்க கூடிப் பேச ஆரம்பிச்சுடுவாங்க" என்றாள். பொய் சொல்லிக் கட்டிய பெண்ணைத் திருப்பி அழைத்துப்போவது நம் பக்கம் புதிதல்ல. நான் தியாமிகேவை இழந்துவிடுவேன். எப்படியாவது அவர்களை வரவிடாமல் செய்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் தம்பி,
மசௌசோ


சிபாடா
3 ஜூன் 1999

என் தம்பி மசௌசோவுக்கு,

உன் கடிதம் கண்டேன். நாங்கள் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது, நான்தான் அதற்குப் பழகிவிட்டேன். சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது.

உன் மாமியாரை நிறுத்துவதா? நீ சொல்லக் கூடாத பெயரை நான் தாராளமாக எழுதுகிறேன்: சேலினா அம்மா அந்த அட்டையை வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்கக் காட்டிவிட்டார். என் கருவாட்டுக் கடைக்கும் வந்தார். "உன் தம்பி என்னை மரத்து மேல ஏத்தப் போறான், ஜெலிதா. ஏணி பிடிக்க ஆள் இருக்குமா அங்கே?" என்று கேட்டுச் சிரித்தார். இடுப்பில் சுற்றப் புதிதாகச் சிதெங்கே துணி வேறு எடுத்திருக்கிறார், நீலத்தில் மஞ்சள் மீன் போட்டது.

பொய் சொன்னது நான்தான், மறுக்கவில்லை. மூன்று மாமன்மார் வரிசையாக உட்கார்ந்து "பையனுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். அவர்கள் தலைக்கு மேலே சுவரில் பெண்ணின் அப்பா படம். வனக்காவலர் தொப்பி, கையில் துப்பாக்கி. மனிதர் காட்டெருமை முட்டிச் செத்து ஐந்து வருடம் ஆகியும் அந்தச் சுவரில் கம்பீரமாகத்தான் இருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் போய் "என் தம்பி தண்ணி சுமக்கிறான்" என்று எப்படிச் சொல்வது? துப்பாக்கி என்று வாயில் வந்துவிட்டது. நாலே நாளில் பெண்ணைக் கொடுத்தார்களா இல்லையா?

ஞாயிறு கோயில் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்க்கிறேன். நீ சாப்பிடாமல் கிடக்காதே.

அன்புடன்,
அக்கா ஜெலிதா


லுவாங்வா
14 ஜூன் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுதத்தான் ஆசை. தூக்கம் வரவில்லை. நேற்று ஐந்தாம் மரத்து ஜெர்மன் தம்பதிக்குப் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். மேலாளர் ங்குலுவே கூப்பிட்டு, "உன் மனசு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். மூன்றாம் மரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

போய்ப் பேசு. மழை வரும், பாம்பு வரும், படி வழுக்கும் என்று எது வேண்டுமானாலும் சொல். உண்மையை மட்டும் சொல்லிவிடாதே. அம்மா மேல் ஆணை.

ஆகஸ்டில் வழிகாட்டித் தேர்வு வருகிறது. இரண்டு முறை தோற்றவன் என்று சமையல்காரர்கள் கூடக் கேலி செய்கிறார்கள். மூன்றாம் முறையும் உட்காரப் போகிறேன். தேறிவிட்டால் நீ சொன்ன பொய் பொய்யாக இருக்காதல்லவா? உடனே பதில் எழுது. லாரி செவ்வாய்தோறும் வருகிறது.

தம்பி மசௌசோ


சிபாடா
29 ஜூலை 1999

தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கருவாடு வரத்து அதிகம், சின்னவனுக்குக் காய்ச்சல், பிறகு அத்தானின் சித்தப்பா சாவு. கூரைக்குப் புது ஓலை போட்டோம். பக்கத்து வீட்டு ஆடு மறுபடி நம் தோட்டத்தில் புகுந்து கீரையைத் தின்றுவிட்டது. அவர்களோடு இரண்டு நாள் பேச்சில்லை.

நீ கேட்ட விஷயமாகப் போனேன். உட்கார்ந்து பேசினோம். அவர் வருவது உறுதி.

தேர்வுக்கு ஏன் இந்த அவசரம்? இந்த வருடம் வேண்டாம், விட்டுவிடு. தண்ணீர் சுமப்பது ஒன்றும் திருட்டுத் தொழில் இல்லையே. நன்றாகச் சாப்பிடு.

அக்கா


லுவாங்வா
10 ஆகஸ்ட் 1999

அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஆறு வாரம் காத்திருந்தவனுக்கு ஆட்டைப் பற்றி ஒரு பக்கம், மாமியாரைப் பற்றி மூன்று வரி. என்ன பேசினாய்? அவர்கள் என்ன சொன்னார்கள்? ஏன் மறைக்கிறாய்?

"தேர்வை விட்டுவிடு" என்கிறாய். நான் மூன்றாவது தடவையும் தோற்பேன் என்று நினைத்துவிட்டாய், அப்படித்தானே? போன வாரமே எழுதிவிட்டேன். காலடித் தடம் பார்த்து மிருகத்தைச் சொன்னேன். பறவைகளில் இரண்டுதான் தவறியது. கம்பியில் கட்டி வேகமாக இழுத்து வந்த தகர எருமையை மூன்று குண்டில் அடிக்க வேண்டும், இரண்டு நெற்றியில் பட்டது. முடிவு எப்போது வருமோ தெரியாது.

ஒருவேளை வராவிட்டாலும் வழி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு நாளும் மூன்றாம் மரத்தை என்னோடு தண்ணீர் சுமக்கும் யோபே பார்த்துக்கொள்வான். வழிகாட்டி ஒருவர் தன் துப்பாக்கியைக் கால் மணி நேரம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். அவர்கள் மேலே இருந்து பார்க்கும்போது தூரத்தில் ஆற்றங்கரையில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகு காட்டி நிற்பேன். மரியாதைக்கும் குறைவில்லை, பொய்க்கும் குறைவில்லை.

தம்பி


சிபாடா
25 ஆகஸ்ட் 1999

தம்பி,

சுகம். நீயும் சுகமாக இரு.

அந்தத் துப்பாக்கியை வாங்காதே. தோளிலும் போடாதே, கையாலும் தொடாதே. ஏன் என்று கேட்காதே. உன்னைவிட ஆறு வருடம் மூத்தவள் சொல்கிறேன், இந்த ஒரு முறை கேள்.

ஜெலிதா


லுவாங்வா
13 அக்டோபர் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். என் மாமியார் வந்துபோய் இரண்டு நாள் ஆகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

துப்பாக்கியை வாங்கவில்லை. நீ சொன்னதற்காக மட்டுமே. முதல் நாள் அவர்கள் ஜீப்பிலிருந்து இறங்கும்போது நான் சமையல் கொட்டகைக்குப் பின்னால் விறகோடு விறகாக உட்கார்ந்திருந்தேன். யோபே பெட்டியைத் தூக்கிப்போய் மரத்தில் ஏற்றினான். திரும்பி வந்து சொன்னான்: "உன் மாமியா கட்டில்ல உக்காரலடா. தரையில பாய் போட்டு உக்காந்துட்டாங்க. தலகாணிய எண்ணிப் பாத்துட்டு, 'இத்தனை தலை யாருக்குப்பா இருக்கு?'ன்னு கேக்கறாங்க." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் நாள் மாலை நாலரை மணி. உனக்குத் தெரியும், அக்டோபர் வெயிலில் இங்கே ஒருவரும் வெந்நீர் கேட்பதில்லை. மூன்றாம் மரத்திலிருந்து மட்டும் கேட்டு அனுப்பினார்கள். அந்த நேரம் பார்த்து யானைகள் வந்துவிட்டன. யானைக்குப் பிடித்த மசாங்குக் காய் மரத்திலிருந்து உதிரும் காலம். மூன்று பெண் யானை, ஒரு குட்டி, முன்படியின் கீழேயே நின்று பொறுக்கித் தின்கின்றன. யோபே வாளியைக் கீழே வைத்துவிட்டான். "பின்னேணி உன்னோட வழிடா. எனக்கு நாலு பிள்ளைங்க" என்றான். அவன் சொன்னதும் சரிதான். தண்ணீர் ஏற்றுகிற பின்னேணியில் இருட்டிலும் ஏறக்கூடியவன் நான் ஒருவன்தான்.

யானைகளைப் பார்த்தபடியே புதர் அடர்ந்த பக்கமாகச் சுற்றிப்போய் ஏறினேன். பலகைத் தரைக்குக் கீழே வந்ததும் ஒரு யானை திரும்பி ஏணிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. மேலே போகலாம், ஆனால் மேலே அவர்கள் இருக்கிறார்கள். கீழே இறங்க முடியாது. ஒரு கையில் ஏணி, ஒரு கையில் கொதிக்கிற வாளி. அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றேன். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையில்லை.

மேலே பலகை கிறீச்சிட்டது. "யாரு கீழ?" என்று குரல்.

மரத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன். யாரோ வேலைக்காரன் என்று விட்டுவிடுவார்கள் என்று எனக்கு ஒரு தைரியம்.

"மாப்பிள்ளையா?"

அக்கா, யானை மிதித்தாலும் பரவாயில்லை, இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

"பேச வேணாம். நான் ஆத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கறேன், தலையில துணி போட்டுக்கறேன். நீங்க வந்து ஊத்திட்டு மறுபடி ஏணிக்கே போயிடுங்க. தண்ணி ஆறிடும்."

ஏறினேன். நீலத் துணியில் மஞ்சள் மீன் மட்டும் தெரிந்தது. ஊற்றினேன். அவசரத்தில் பாதி தரையில் போனது. மறுபடி ஏணியில் இறங்கி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யானை நகரவில்லை. அவர்கள் ஆற்றைப் பார்த்தபடியே கேட்கத் தொடங்கினார்கள்.

"தினம் எத்தனை வாளி?"

"இருபத்து நாலு, அத்தை." வாயிலிருந்து வந்துவிட்டது. பொய் சொல்ல யோசிக்கக் கூட நேரமில்லை.

"அடுப்பிலேர்ந்து இங்க வர்ற வழியில சிங்கம் கிங்கம்?"

"பகல்ல வராது. ராத்திரி காவலுக்கு ஆள் கூட வருவாங்க."

"துப்பாக்கி?"

"அது அவங்ககிட்ட இருக்கும். எனக்கு இல்லை."

பிறகு "அது போதும்" என்றார்கள். அவ்வளவுதான். யானை போனது, நான் இறங்கினேன். மறுநாள் காலை ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

"அது போதும்" என்றால் என்ன? இவ்வளவு தெரிந்தது போதும், இனி மாமன்மார் பேசிக்கொள்வார்கள் என்றா? தியாமிகேவிடமிருந்தும் கடிதம் இல்லை. அந்தக் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. மறைக்காமல் எழுது.

தம்பி மசௌசோ


சிபாடா
1 நவம்பர் 1999

என் அருமைத் தம்பிக்கு,

நாங்கள் நலம். தியாமிகே நலம், தேர்வுத்தாள் திருத்துகிறாள், அதனால்தான் எழுதவில்லை. யாரும் அவளை அழைத்துப்போக வரவில்லை. முதலில் இதைப் படித்து மூச்சு விடு.

நான் ஜூனிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா மேல் நீ வைத்த ஆணை கைக்கு வரும் முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. அந்த ஞாயிறு சேலினா அம்மா முறத்தில் பயறு உரித்துக்கொண்டிருந்தார். பாம்பு, படி, மழை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து, "நான் அங்க போறது கட்டிலுக்காக இல்ல ஜெலிதா. அந்தப் பிள்ளை எந்தக் காட்டுல எந்த மிருகத்துக்கு முன்னால நிக்கறான்னு ஒரு தடவை பாத்துடணும்" என்றார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு என்னால் முடியவில்லை. "அவன் துப்பாக்கிக்காரன் இல்லம்மா, தண்ணி சுமக்கிறவன்" என்றேன்.

கை நின்றுவிட்டது. "தண்ணியா? தண்ணி மட்டுமா?" மூன்று தடவை கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். முறத்தைத் தள்ளிவிட்டு அழுதார், தம்பி.

துப்பாக்கியைச் சொன்னதால் பெண் கொடுத்தார்கள் என்று நாம் நினைத்திருந்தோம். அதைச் சொன்னதால்தான் அவர் கொடுக்க மறுத்திருக்கிறார். மூன்று நாள் மறுத்தார். மகள் பிடிவாதம் பிடித்து, மாமன்மார் பேசி, வாயை மூடிக்கொண்டார். அவர் கணவரைச் சாமான் லாரியில் போட்டுத்தான் கொண்டுவந்தார்களாம். உன் விடுதி திறந்திருக்கும் ஏழு மாதமும் செவ்வாய்க்கிழமை லாரி வரும் நேரம் அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். லாரி நிற்காமல் போனால்தான் எழுந்து அடுப்பு மூட்டுவார். மகளிடம் கூடச் சொன்னதில்லை. வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடுமோ என்று பயம்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "தெரிஞ்சா வெக்கப்பட்டு ஓடிடுவான். வாய்ப்பேச்சை ஒரு தடவை நம்பியாச்சு, இந்தத் தடவை வாளியைக் கண்ணால பாக்கறேன்" என்றார். அதனால்தான் ஆட்டைப் பற்றி எழுதினேன். உன்னை இத்தனை மாதம் வதைத்ததற்கு என்னை மன்னித்துவிடு.

திரும்பி வந்ததும் நேரே என் கடைக்கு வந்தார். "பாத்துட்டேன். பாதித் தண்ணியைக் கீழ ஊத்தறான். ஆனா தண்ணிதான்" என்றார். இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாராம். பருவம் முடிந்து நீ வந்ததும் கோழி அடித்து விருந்து, முகம் பார்க்கலாம் என்று மாமன்மாரிடம் சொல்லிவிட்டார்.

தேர்வு முடிவைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. தோற்றிருப்பாய். இந்த ஒரு முறை அதற்காகச் சந்தோஷப்படு.

அன்பு அக்கா


லுவாங்வா
9 நவம்பர் 1999

அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் நலம் வேண்டுகிறேன்.

முடிவு அக்டோபர் இரண்டாம் தேதியே வந்துவிட்டது. தேறிவிட்டேன். பதினோரு பேரில் இரண்டாவது. அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அன்று ஏணியில் நின்றபோது அந்தக் காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. "எனக்கு இல்லை" என்று சொன்னேனே, அது அன்றைக்கு உண்மை. வரும் மே மாதத்திலிருந்து உண்மையாக இருக்காது.

போன வாரம் பழகுவதற்காக முன்னால் நடக்கவிட்டார்கள். பின்னால் ஆறு விருந்தாளிகள் நான் கால் வைத்த இடத்தில் கால் வைத்து வந்தார்கள். யாரும் என்னிடம் வெந்நீர் கேட்கவில்லை. நாணலிலிருந்து ஒரு கிழட்டு எருமை எழுந்தது, முப்பது அடிதான் இருக்கும். என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். பிறகு அது போய்விட்டது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை, மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பயம் வந்தது. ஆனாலும் அக்கா, ஏழு வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன். மாமியாருக்காக மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய்.

வேண்டாம் என்று எழுது, ங்குலுவேயிடம் மறுத்துவிடுகிறேன். நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன். மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

தம்பி மசௌசோ


சிபாடா
20 நவம்பர் 1999

தம்பிக்கு,

பிள்ளைகள் நலம், அத்தான் நலம்.

"வேண்டாம்" என்று இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். பதினோரு பேரில் இரண்டாவது என்ற வரியில் கண் போய்ப் போய் நின்றது. கையெழுத்துப் போடு.

சேலினா அம்மாவுக்கு நீ தண்ணீர் சுமக்கிறவனாகவே இருப்பாய். அன்று தண்ணீரைத் துப்பாக்கி என்று சொன்ன இந்த வாய், இனி துப்பாக்கியைத் தண்ணீர் என்று சொல்லும். இந்த முறை யாரிடமும் உளற மாட்டேன். தியாமிகேவிடமும் பேசிவிட்டேன். சந்தோஷத்தில் குதித்தாள், அம்மாவின் பயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டாள். விருந்தன்று முதல்முறையாக நேருக்கு நேர் பார்க்கப் போகிறாய், கண்ணைத் தாழ்த்திக்கொள். வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்.

மே மாதம் முதல் செவ்வாய்தோறும் இரண்டு கடிதம் எழுது. ஒன்று அவருக்குப் படித்துக்காட்ட. அதில் வாளிக் கணக்கு இருக்கட்டும். இன்னொன்று எனக்கு, நான்கு வரி போதும்.

போன செவ்வாய்க்கிழமை கடையில் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தேன். சாமான் லாரி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது. தராசைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். வாங்க வந்தவள், "என்னக்கா, எடை போடல?" என்றாள். லாரி நிற்காமல் போனது. அதற்குப் பிறகுதான் படிக்கல்லை வைத்தேன்.

உன் அக்கா,
ஜெலிதா